காவடிப் பாட்டுக்குத் தவில் லூப் போதுமா? சாம்பிள் பேக் பற்றி ஒரு விவாதம்

குன்றக்குடிக் கீபோர்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் மாடி அறை ஒன்றில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறேன். அம்மன் பாட்டு, முருகன் பாட்டு, திருமண வீடியோவுக்குப் பின்னணி இசை என்று எது வந்தாலும் செய்து கொடுக்கிறேன்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் குழுவினர் ஒரு காவடிப் பாட்டு கேட்டிருக்கிறார்கள். மெட்டு அமைந்துவிட்டது. தாளத்துக்கு, விலைக்கு வாங்கிய சாம்பிள் பேக் (ஆயத்த ஒலித்துண்டுகளின் தொகுப்பு) ஒன்றிலிருந்து தவில் லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் வாசிப்புத் துண்டு) எடுத்துப் போட்டுக் காட்டினேன். அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் உடனிருந்த தவில் நண்பர் முகம் சுருங்கிவிட்டது. "நான் இதே ஊரில் இருக்கும்போது இதைக் காசு கொடுத்து எங்கிருந்தோ வாங்குவானேன்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. டிரம்ஸ், பேஸ், ஸ்ட்ரிங்ஸ் எல்லாவற்றுக்கும் சாம்பிள்தான் பயன்படுத்துகிறேன். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தவிலுக்கு மட்டும் ஏன் தனி நியாயம்? ஆயத்தமாகக் கிடைப்பதை எடுத்துக் கோப்பவன் இசையமைப்பாளன்தானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பாட்டின் மொத்தச் செலவுக்கும் சேர்த்தே கொஞ்சம் பணம்தான் கிடைக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர்க்காரன் எழுதியது:

தம்பி, இதில் தயங்க ஒன்றுமே இல்லை. தாராளமாகப் போடுங்கள்.

ரிஹானாவின் "அம்பிரெல்லா" 2007இல் உலகம் முழுவதும் ஒலித்தது. அதன் டிரம்ஸ், ஆப்பிளின் கராஜ்பேண்ட் என்ற இசை மென்பொருளோடு எல்லோருக்கும் வருகிற லூப். உங்கள் கணினியிலும் அது இருக்கலாம். சப்ரினா கார்பென்டரின் "எஸ்பிரெஸ்ஸோ" 2024இல் வந்தது. அதிலும் ஸ்பிளைஸ் என்ற சாம்பிள் தளத்தில் சந்தா கட்டிய எவரும் எடுக்கக்கூடிய லூப்கள் இருக்கின்றன. கேட்டவர்கள் யாராவது "இது ஆயத்த லூப்" என்று பாட்டை நிறுத்தினார்களா? மெட்டும் குரலும் மனத்தில் நின்றன. அவ்வளவுதான் வேண்டியது.

நம் ஊர் வீடுகளையே பாருங்கள். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது. இரும்பு உத்தரம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. கானாடுகாத்தானில் நின்று அந்த வீடுகளைப் பார்ப்பவர்கள் "இது செட்டிநாட்டு வீடு" என்றுதானே சொல்கிறார்கள்? எங்கிருந்து வந்தாலும் எப்படிக் கட்டினோம் என்பதில்தான் நம் கைத்திறன் இருக்கிறது. இசையும் அப்படித்தான்.

தோப்பி எழுதியது:

பள்ளத்தூர் அண்ணே, உங்கள் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். பர்மாவிலிருந்து வந்தது மரம். நிலைக்கதவில் கஜலட்சுமியைச் செதுக்கியது இங்கிருந்த ஆசாரி. செதுக்கி முடித்த கதவை யாரும் ரங்கூனிலிருந்து இறக்கவில்லை. ஒற்றைத் தட்டு, ஒற்றைச் சொல் (த, தி, கி போல ஒரு தட்டுக்கு உரிய ஒலி) என்று தனித்தனியாக வருகிற ஒன் ஷாட்டை நான் மரம் என்று ஒப்புக்கொள்கிறேன். எட்டு மாத்திரைக்கு ஒருவர் வாசித்து முடித்த லூப் செதுக்கிய கதவு. அதில் உங்கள் வேலை என்ன மிஞ்சுகிறது?

நான் தவில் கற்றுக்கொண்டிருப்பவன். என் குருநாதர் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவரிடம் உட்கார்ந்து கற்றதைச் சொல்கிறேன்.

தவிலின் இரண்டு முகமும் இரண்டு விதமாகப் பேசும். வலப்பக்க முகமான வலந்தலையை விரல்களால் வாசிக்கிறோம். விரல்களில் கெட்டியான கூடு மாட்டியிருக்கும். இடப்பக்க முகமான தோப்பியைக் கழியால் அடிக்கிறோம். வலந்தலையில் விழும் சொல் நறுக்கென்று தெறிக்கும். தோப்பி கீழே நின்று தாங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறதே, மயிரிழை முன்னால் அல்லது பின்னால், அதில்தான் வாசிப்பவர் யார் என்பது தெரியும். கண்ணை மூடிக்கொண்டு இன்னார் வாசிக்கிறார் என்று சொல்லிவிடலாம். லூப்பை உங்கள் பாட்டின் வேகத்துக்கு இழுத்தால் முதலில் கெடுவது அந்த இடைவெளிதான். அதிகமாக இழுத்தால் தெறிப்பே மழுங்கி, ஈரத் துணியில் அடித்தது போல் ஆகிவிடும்.

இனி நடை, அதாவது ஒரு தாள அடியை எத்தனையாகப் பிரிக்கிறோம் என்பது. கடையில் கிடைக்கிற பேக்குகளில் பெரும்பாலானவை நான்கில் அளந்தவை; தகதிமி, தகதிமி. காவடிச் சிந்தின் துள்ளல் தகிட தகிட என்று மூன்றில் வருகிறது. கண்டத்தில் ஐந்தும் மிஸ்ரத்தில் ஏழும் எங்கே கிடைக்கும்? லூப் கிடைக்காததால் மெட்டையே நான்குக்கு மாற்றிக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு மிகவும் வலிக்கிற இடம் அது. பாட்டுக்கு வாசிக்க வேண்டிய தாளம் போய், தாளத்துக்கு ஏற்பப் பாட்டை வெட்டுகிறோம்.

பல்லவி முடிந்து சரணம் எடுக்கும் இடத்தில் தவில்காரர் ஒரு தீர்மானம், அதாவது ஒரு முடிப்புக் கோவை, வைப்பார். பாடகர் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு அவர் வைப்பது அது. லூப்புக்குக் கண் இல்லை.

தேவகோட்டை பேட் எழுதியது:

தோப்பி தம்பி சொல்வது எல்லாம் சரி. ஆனால் கதை லூப்பில் தொடங்கவில்லை.

நான் மெல்லிசைக் குழுவில் பல காலமாக மின்னணுத் தாளப் பேட் வாசிக்கிறேன். ரோலண்டின் எஸ்பிடி-20 1998இல் வந்தது. எட்டு ரப்பர் முகங்கள். ஒன்றில் தபேலா, ஒன்றில் டோலக், பொத்தானைத் திருகினால் வேறொரு வாத்தியம். அதற்கு முன் ஒரு குழுவில் தாள வாத்தியத்துக்கென்றே நான்கைந்து பேர் பஸ்ஸில் ஏறுவார்கள். பேட் வந்த பிறகு மேடை சிறியதாயிற்று, வேன் சிறியதாயிற்று, சம்பளப் பட்டியலும் சிறியதாயிற்று. என் பிழைப்பு அந்தப் பேட்டில்தான் நடக்கிறது. என்னோடு வந்த டோலக்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

சின்னக் கோயில்களில் தீபாராதனைக்கு என்ன ஒலிக்கிறது என்று பாருங்கள். சுவரோரம் ஒரு மின்மேளம். பொத்தானைத் தட்டினால் மோட்டார் சுழன்று முரசையும் மணியையும் அடிக்கும். பூசகர் கற்பூரத் தட்டை எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் அது ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கோயிலில் ஒரு காலத்தில் மேளக்காரருக்கு முறை இருந்தது. கோயில் நிர்வாகத்தைக் கேட்டால் வருமானம் இல்லை என்கிறார்கள். அதுவும் பொய் இல்லை.

ஆகவே கீபோர்டு தம்பியிடம் மட்டும் பழியைப் போடாதீர்கள். வாசிப்பவருக்குக் கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டுத் தொடங்குங்கள்.

சிம்புக்குச்சி எழுதியது:

பறை அடிப்பவன் நான். பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு விஷயம்.

பறையில் ஒவ்வோர் அடிக்கும் ஓர் இடம் உண்டு. சாமி புறப்படும்போது அடிப்பது வேறு, ஆட்டத்துக்கு அடிப்பது வேறு, இறுதி ஊர்வலத்தில் அடிப்பது வேறு. சாம்பிள் பேக்கில் இவை அனைத்தும் ஒரே உறைக்குள் எண் போட்டு வரிசையாகக் கிடக்கும். வேகமும் எண்ணும் இருக்கும். எதற்கான அடி என்று இருக்காது.

எங்கள் பக்கத்து ஊரில் பொங்கல் விழாவுக்கு ஓர் அம்மன் பாட்டு செய்தார்கள். செய்தவர் வெளியூர்க்காரர். ஒலிபெருக்கியில் முதல் முறை போட்டபோது நான் கோயில் திடலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்களோடு இருந்தேன். முன்னிசை தாண்டிப் பறை நுழைந்ததும் திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்துவிட்டார். "பிணம் எடுக்கிற அடியை ஆத்தா வாசலில் போடுகிறார்களே" என்றார். ஒலிபெருக்கிக்காரர் உடனே நிறுத்தினார். இளைஞர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் காதுக்கு அது நல்ல குத்தாகத்தான் இருந்தது. பெரியவரோ அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை.

அந்த இசையமைப்பாளரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எங்களில் ஒருவரை அழைத்திருந்தால் பறையைக் காய்ச்சும்போதே கேட்டிருப்போம், "என்ன பாட்டு, எந்தச் சாமிக்கு?" என்று. வாசிப்பவரை அழைத்தால் அந்தக் கேள்வியும் கூடவே வந்து சேரும்.

பள்ளத்தூர்க்காரன் எழுதியது:

சிம்புக்குச்சி அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்து மனம் கனத்தது. அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சாவு அடி, சாமி அடி என்ற வேறுபாடு தெரியாமல் யாரும் பறை லூப்பைத் தொடக்கூடாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது. என் அக்காள் மகன் பிளஸ் டூ படிக்கிறான். கைப்பேசியில் பாட்டு செய்கிறான். வீட்டில் வாத்தியம் கிடையாது, வகுப்புக்கு அனுப்ப வசதி கிடையாது. இலவச சாம்பிள்களை அடுக்கித்தான் தாளம் என்றால் என்ன, பாட்டில் எங்கே கூட்ட வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவன் கற்றுக்கொண்டான். இசைக்குள் நுழைய அவனுக்கு இருந்த ஒரே வாசல் அது. முதலில் ஒரு தவில்காரரையும் ஒரு நாதஸ்வரக்காரரையும் அமர்த்திக்கொண்டு வா என்று அவனிடம் சொன்னால், வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் இனிப் பாட்டு செய்ய முடியும். பழைய காலம் அப்படித்தான் இருந்தது. அது திரும்ப வேண்டாம்.

தோப்பி எழுதியது:

அண்ணே, அந்தப் பையனை யாரும் தடுக்கவில்லை. அவன் அடுக்கட்டும், கலைக்கட்டும், ஆயிரம் லூப் போட்டுப் பார்க்கட்டும். கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்ல வழி இன்று இல்லை. காசு வாங்கிக்கொண்டு, பழனிப் பாதையில் ஒலிக்கப்போகிற பாட்டைச் செய்கிறவரிடம் நான் கேட்பது வேறு. பஸ்ஸில் அரை மணி நேரத் தொலைவில் தவில்காரர் இருக்கிறார். சுவீடனில் இருக்கும் இசையமைப்பாளருக்கு அவர் கிடைக்க மாட்டார். அவருக்குப் பேக் வேண்டும். நமக்கு எதற்கு?

இன்னொன்று. இந்த ஊரின் பெயரால் ஒரு வீணைப் பாணியே இருக்கிறது. சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் காரைக்குடிச் சகோதரர்கள். மூத்தவர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசித்தார். சாம்பசிவ ஐயர் பிறகு கலாக்ஷேத்ராவில் சொல்லிக் கொடுத்தார். காரைக்குடி மணி மிருதங்கத்தில் ஊர்ப் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோனார், 2023இல் மறைந்தார். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பாணி போவது, பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வாய்ப்பு இருந்ததால்தான். வாசிக்க அழைப்பே இல்லையென்றால் என் வயதுக்காரர்கள் தவிலை மூடி வைத்துவிட்டு வேறு வேலை தேடுவார்கள். அடுத்த பேக்கைப் பதிவு செய்யக்கூட அப்போது ஆள் இருக்காது.

திருப்பத்தூர் வழக்கறிஞர் எழுதியது:

சட்டத்தின் பக்கத்தை யாரும் தொடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

சாம்பிள் பேக் வாங்கும்போது அந்த ஒலி உங்களுக்குச் சொந்தமாவதில்லை. பயன்படுத்த அனுமதி மட்டும் கிடைக்கிறது. அதே அனுமதி, காசு கொடுத்த எல்லோருக்கும் கிடைக்கிறது. லூப்பைப் பாட்டுக்குள் வைத்து வெளியிடலாம்; பாட்டு எத்தனை முறை ஓடினாலும் மேற்கொண்டு பணம் தர வேண்டியதில்லை. லூப்பைத் தனியாக விற்கவோ உங்கள் பேக்கில் சேர்க்கவோ கூடாது. பொதுவாக ஒப்பந்தங்கள் இப்படித்தான் இருக்கும். ஆனாலும் ஒவ்வொன்றையும் படித்துப் பாருங்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் யூடியூப். அங்கே கன்டென்ட் ஐடி என்ற உரிமைப் பதிவு முறையில் பாட்டைப் பதிய வேண்டுமானால் அதிலுள்ள ஒலிகள் உங்களுக்கு மட்டுமே உரியவையாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் கிடைக்கிற லூப் இருந்தால் பதிய முடியாது. வேறொருவர் விதியை மீறிப் பதிந்துவிட்டால், அதே லூப்பைப் போட்ட உங்கள் பாட்டுக்கு உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். தாளம் மட்டும் தனியாக ஒலிக்கும் முன்னிசையில் இது அதிகம் நடக்கும்.

இனி வாசிப்பவரின் உரிமை. நம் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. 2012இல் பெரிய திருத்தம் செய்தார்கள். வாசித்தவருக்குத் தம் வாசிப்பின் மேல் 50 ஆண்டு உரிமை உண்டு. அந்தத் திருத்தத்தில் வந்த 38பி பிரிவின்படி, வாசித்தது தாம்தான் என்று பெயர் கோரவும், தம் வாசிப்பைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் எதிர்க்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது.

"ஆமென் பிரேக்" கேள்விப்பட்டிருப்பீர்கள். வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1969இல் வெளியிட்ட பாட்டில் கிரிகரி கோல்மன் வாசித்த டிரம்ஸ். ஏழு வினாடிக்குள் முடிந்துவிடும். 1986இல் ஒரு தொகுப்புத் தட்டில் சேர்ந்த பிறகு அதை எடுக்காதவர்களே இல்லை என்கிற அளவுக்குப் பரவியது. ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இசை வகைகளே அந்தத் துண்டின் மேல் நிற்கின்றன. கோல்மன் 2006இல் வறுமையில் இறந்தார். அவருக்கு ஒரு காசும் வரவில்லை. குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்காக 2015இல் ரசிகர்கள் நன்கொடை திரட்டிக் கொடுத்தார்கள். அது சுமார் 24,000 பவுண்டு. அதுவும் அன்பினால் வந்ததே தவிர உரிமையால் வரவில்லை.

தேவகோட்டை பேட் எழுதியது:

அக்கா, கோல்மன் கதை எனக்குப் புதிது. இரண்டு முறை படித்தேன்.

குன்றக்குடிக் கீபோர்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று விஷயங்கள் எனக்குத் தெளிவாகிவிட்டன. கிக், ஹை ஹாட், பேஸ் இவற்றுக்குச் சாம்பிள் போடுவதை நான் விடப்போவதில்லை, அவை மரம்தான். தவிலும் பறையும் பதிவு செய்துதான் சேர்ப்பேன். பெயர் போடுவேன்.

செலவை இப்படி யோசித்திருக்கிறேன். பேக்குக்கும் சந்தாவுக்கும் ஆண்டு முழுவதும் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்தால், ஒரு பாட்டுக்குத் தவில்காரரையும் பறைக்காரரையும் அரைநாள் அழைக்கும் அளவுக்கு வருகிறது. மீதியைக் குழுவினரிடம் எடுத்துச் சொல்லிக் கேட்பேன். கோயில் வேலைக்கு மேளக்காரருக்குச் சம்பாவனை கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள். பாட்டுக்கும் கொடுப்பார்கள் என்று நம்புகிறேன்.

எப்படிப் பதிவு செய்வது என்பதுதான் தெரியவில்லை. மாடி அறை தவிலுக்குப் போதாது, கதவே அதிர்கிறது. மைக்கைக் கணினியோடு இணைக்க, இரண்டு மைக் வாங்கும் சிறிய இன்டர்ஃபேஸ்தான் என்னிடம் இருக்கிறது.

கண்டனூர் ஒலி எழுதியது:

இரண்டு மைக் தாராளம் தம்பி. ஒரு காலத்தில் முழுக் கச்சேரியையே ஒற்றை மைக்கில் பிடித்தோம். ஏ.வி. மெய்யப்பன் போர்க்காலத்தில் சென்னையை விட்டுக் காரைக்குடிக்கு வந்து தேவகோட்டைச் சாலையில் ஸ்டுடியோ நடத்தினாரே, அந்த மண்ணில் இருந்துகொண்டு ஒலிப்பதிவுக்குத் தயங்கலாமா?

தெரிந்தவர் வீட்டு வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றிய தூண் வரிசைக் கூடத்தை, கேளுங்கள். நம் பழைய வீடுகளின் சுவர் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் பூசி மெருகேற்றியது. தரை ஆத்தங்குடிக் கல். இரண்டும் ஒலியைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். வெறும் வளவில் தவில் வாசித்தால் ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் மேலே ஏறிவிடும். ஆகவே தூண்களுக்கு நடுவே, வானம் தெரியும் முற்றத்தை ஒட்டி அவரை உட்கார வையுங்கள். மேலே திறந்திருப்பதால் பாதி முழக்கம் போய்விடும். காலடியில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். பின்சுவரில் கோரைப்பாய் நான்கைந்து தொங்கவிடுங்கள்.

தோப்பிக்கு ஒரு டைனமிக் மைக், ஒரு சாண் தள்ளி, தோலின் ஓரத்தைப் பார்த்தபடி. நடுவுக்கு நேராக வைத்தால் கழியின் அடி மட்டும்தான் கேட்கும். வலந்தலைக்குக் கண்டென்சர் மைக் இருந்தால் நல்லது. இரண்டு சாண் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் விரல் கூட்டின் தெறிப்பு மைக்கைக் கிழித்துவிடும். அளவை மிகத் தாழ்த்தி வையுங்கள். அவர் மெதுவாக வாசித்துக் காட்டுவதை நம்பி அளவு வைக்காதீர்கள். தீர்மானத்தில் இரண்டு மடங்கு வரும். 24 பிட்டில் பதிவு செய்தால் தாழ்ந்த ஒலியைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம், உடைந்த ஒலியை ஒட்ட முடியாது.

ஹெட்போனில் வேகம் காட்டும் கிளிக் ஒலியைக் கொடுக்காதீர்கள். கிளிக்கைக் கேட்டு வாசித்தால் கை விறைத்துவிடும். லூப்பையே மறுபடி பதிவு செய்த மாதிரி ஆகும். பாடகரின் குரலையும் கைத்தாளத்தையும் கொடுங்கள். வார் பிடித்துச் சுருதி சேர்க்க நேரம் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். முழுப் பாட்டையும் வெட்டாமல் வாசிக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்து காபி குடித்த பிறகு, அவருக்கு மனம் இருந்தால், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வாசித்துத் தரச் சொல்லுங்கள். மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி. ஒவ்வொன்றையும் நான்கைந்து முறை. ஒரே ஒலித்துண்டை அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் இயந்திரத் துப்பாக்கி போலக் கேட்கும். மாற்றி மாற்றி வைத்தால்தான் கை தெரியும். போகும்முன் பாய்களை எல்லாம் எடுத்துவிட்டு வளவின் நடுவில் ஒரு பலூனை உடைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த வெடிப்பிலிருந்து அந்த வீட்டின் முழக்கத்தை எடுத்து, கன்வல்யூஷன் ரிவர்ப் என்ற எதிரொலி மென்பொருளில் ஏற்றி, உங்கள் பாடகர் குரலுக்குக் கொடுக்கலாம்.

பள்ளத்தூர்க்காரன் எழுதியது:

ஐயா, அப்படியானால் நாமே ஒரு பேக் செய்யலாமே! செட்டிநாட்டுத் தவில், பறை, திருமணத்தில் ஊதும் சங்கு, மானாமதுரைக் கடம். என் அக்காள் மகன் போன்றவர்களுக்கு இலவசம். காசு உள்ளவர்களுக்கு விலை.

சிம்புக்குச்சி எழுதியது:

செய்யலாம். ஆனால் ஒவ்வொரு பறை அடிக்கும் பக்கத்தில் எதற்கு அடிப்பது என்று எழுத வேண்டும். இறுதிச் சடங்கு அடிகளை அதில் சேர்க்க எங்கள் குழு சம்மதிக்காது.

தோப்பி எழுதியது:

நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து வாசிக்கும் மல்லாரியும் வேண்டாம். சுவாமி புறப்பாட்டுக்கு உரியதை விளம்பரப் படத்தில் கேட்க நேர்ந்தால் என் குருநாதர் என்னை மன்னிக்க மாட்டார். எனக்கு முழு லூப் வைப்பதிலும் விருப்பமில்லை. தனிச் சொற்களைக் கொடுப்போம். அடுக்குகிறவர் நடையைக் கற்றுக்கொண்டு அடுக்கட்டும்.

பள்ளத்தூர்க்காரன் எழுதியது:

லூப் இல்லாமல் அந்தப் பையன் எதைக் கேட்டு நடையைக் கற்பான் தோப்பி? திஸ்ரம் என்ற மூன்றிலும் கண்டத்திலும் சில நடைகளை முழுதாக வாசித்து வையுங்கள். நான்கைத் தவிர வேறு எண் இருக்கிறது என்பதே அப்போதுதான் அவனுக்குத் தெரியும்.

தோப்பி எழுதியது:

அது சரி. குருநாதரைக் கேட்டுச் சொல்கிறேன். பாடமாக வைப்பதென்றால் ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

திருப்பத்தூர் வழக்கறிஞர் எழுதியது:

பேக் பேச்சு பிறகு ஆகட்டும். இந்தக் காவடிப் பாட்டுக்கே ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினால் போதும்; உரிமை தருபவர் கையெழுத்து இருக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் இரண்டு விஷயம் உண்டு. உரிமையை எத்தனை காலத்துக்குத் தருகிறார் என்று எழுதாவிட்டால் அது 5 ஆண்டு என்று கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். யூடியூப் வழியாகச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கேட்கப்போகிற பாட்டு இது. ஆகவே இரண்டையும் எழுத்தில் வையுங்கள்.

வாசித்ததை இந்தப் பாட்டுக்கு மட்டும் பயன்படுத்தலாமா, தனித்தனியாக எடுத்த சொற்களை வேறு பாட்டுகளுக்கும் போடலாமா என்பதற்குத் தனி வரி எழுதுங்கள். வேறு பாட்டுக்கு என்றால் ஒவ்வொரு முறையும் அவருக்கு இவ்வளவு என்று தொகையையும் எழுதுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் காபிக்குப் பிறகு வாசித்துத் தந்த சொற்களை வைத்து அவரையே வீட்டில் உட்கார வைத்துவிடலாம்.

குன்றக்குடிக் கீபோர்டு எழுதியது:

அக்கா, அந்த வரியை அப்படியே எழுதிக்கொள்கிறேன். நண்பரிடம் பேசிவிட்டேன். பேசவே மாட்டார் என்று பயந்தேன். முதலில் மெட்டைப் பாடிக் காட்டச் சொன்னார், பாடிக்கொண்டிருக்கும்போதே மேசையில் தட்டத் தொடங்கிவிட்டார். தை முதல் வாரத்தில் பதிவு வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

தோப்பி எழுதியது:

தை வேண்டாம் அண்ணே. தை பிறந்தால் முகூர்த்தம் தொடங்கிவிடும், ஒரு தவில்காரரும் கிடைக்க மாட்டார். நடைப்பயணக் குழு குன்றக்குடியிலிருந்து கிளம்பும் முன் பாட்டு அவர்கள் கையில் இருக்க வேண்டாமா? மார்கழியில் வையுங்கள். கல்யாணம் இல்லாத மாதம். விடியற்காலைக் கோயில் முறை முடிந்துவிட்டால் பகல் முழுவதும் வெறுமையாக இருக்கும். பனி ஈரத்தில் தோல் தளரும். அதனால் காலை வெயில் முற்றத்தில் இறங்கிய பிறகு, பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள். பாய் கட்ட நான் வருகிறேன்.

சிம்புக்குச்சி எழுதியது:

பறை காய்ச்ச வைக்கோல் வேண்டும். வளவுக்குள் நெருப்பு மூட்ட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். பின்கட்டுக்கு வெளியே இடம் கேட்டு வையுங்கள் தம்பி.